ஜேட்: பஞ்சாபியரின் கோடை மாதம் பற்றி ஓர் எளிய விளக்கம்

பஞ்சாபி ஆண்டில் மே மாத நடுவில் தொடங்கி ஜூன் நடுவில் முடியும் மாதத்துக்கு ஜேட் என்று பெயர். வைசாக் மாதத்துக்கு அடுத்ததாகவும் ஹார் மாதத்துக்கு முன்னதாகவும் வருகிறது. வைசாகின் முதல் நாளில் கொண்டாடப்படும் வைசாகித் திருநாளைப் பற்றி வெளியூர்க்காரர்களும் ஓரளவு அறிவார்கள். மழைக்காலத்துச் சாவன் மாதத்தில் பெண்கள் ஊஞ்சல் கட்டி ஆடுவதும் படங்களின் வழியாகப் பலருக்குத் தெரிந்ததே. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட ஜேட் பெருந்திருவிழா எதுவும் இல்லாத, வெயில் மட்டுமே மிகுந்த மாதமாகத் தோன்றுவதால், அதை எவரும் எடுத்துச் சொல்வதில்லை. ஆனால் பஞ்சாபி நாட்டுப்புற வாழ்க்கையை அறிய விரும்புகிறவர் முதலில் கவனிக்க வேண்டிய மாதம் இதுதான் என்பது என் கருத்து. களஞ்சியத்தில் புதிய கோதுமை நிறைந்திருக்கும்போது வானத்திலிருந்து ஒரு துளியும் விழாத மாதம் இது. தானியம் மிகுந்தும் தண்ணீர் அரிதாகியும் நிற்கும் அந்த நிலையிலிருந்துதான் இம்மாதத்தின் ஏறத்தாழ எல்லா வழக்கங்களும் பிறந்திருக்கின்றன.

பஞ்சாப் என்று சொல்லும்போது 1947-க்குப் பிறகு இந்தியாவிலும் பாகிஸ்தானிலும் பிரிந்து கிடக்கும் முழு நிலப்பகுதியையும் மனத்தில் கொள்ள வேண்டும். லாகூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களில் வாழும் முஸ்லிம் உழவர்கள் நோன்புக்கும் பெருநாளுக்கும் ஹிஜ்ரி ஆண்டைப் பின்பற்றினாலும், விதைப்பையும் அறுவடையையும் வெயிலையும் மழையையும் பேசும்போது ஜேட், ஹார், சாவன் என்ற நாட்டு மாதப் பெயர்களையே இன்றும் பயன்படுத்துகிறார்கள். சீக்கியர், இந்து, முஸ்லிம் என்ற வேறுபாடின்றி மண்ணோடு தொடர்புடைய எல்லோருக்கும் உரியது இந்த நாட்காட்டி.

மாதம் பிறக்கும் கணக்கு

பஞ்சாபி மாதங்கள் சூரியனின் நகர்வைக் கொண்டு அமைந்தவை. சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குள் நுழையும் நாளே மாதத்தின் முதல் நாள். அந்த நாளைச் சங்க்ராந்த் என்பார்கள். மேஷத்தில் நுழையும்போது வைசாகும், ரிஷபத்தில் நுழையும்போது ஜேட்டும் பிறக்கின்றன. தமிழ் ஆண்டும் இதே கணக்கில் நடப்பதால், பஞ்சாபில் ஜேட் பிறக்கும்போது தமிழ்நாட்டில் வைகாசி பிறக்கிறது. முதல் நாளைக் குறிக்கும் விதியில் உள்ள சிறு வேறுபாட்டால் சில ஆண்டுகளில் ஒரு நாள் முன்பின் ஆகலாம், அவ்வளவே. ஆகவே தமிழ் வாசகர் வைசாகைச் சித்திரை என்றும், ஜேட்டை வைகாசி என்றும், ஹாரை ஆனி என்றும், சாவனை ஆடி என்றும் எண்ணிக்கொண்டால் காலம் சரியாகப் பொருந்தும்.

பெயர்கள் மட்டும் ஒரு மாதம் தள்ளி நிற்பது தொடக்கத்தில் குழப்பம் தரும். இதற்கு விடை வானத்திலேயே இருக்கிறது. சூரியன் ரிஷபத்தில் இருக்கும்போது முழுநிலா அதற்கு நேர் எதிரே விருச்சிகத்தில் நிற்கும். விருச்சிக ராசியில் விசாகத்தின் கடைசிப் பாதமும், அனுஷம் முழுவதும், கேட்டை முழுவதும் அடங்கும். தமிழ் வழக்கு அந்த மாதத்துக்கு விசாகத்தை வைத்துப் பெயரிட்டது. பஞ்சாபி வழக்கோ வடமொழியில் ஜ்யேஷ்டா எனப்படும் கேட்டையை வைத்துப் பெயரிட்டது.

சூரியக் கணக்கோடு சந்திரக் கணக்கும் உடன் ஓடுகிறது என்பதைத் தெரிந்துகொள்ளாவிட்டால், ஜேட் மாதத்து விழாக்களின் தேதிகள் புரியாது. உழவும் சங்க்ராந்தும் சூரிய மாதத்தைச் சார்ந்தவை. ஏகாதசி போன்ற திதி விழாக்கள் சந்திர மாதத்தைச் சார்ந்தவை. சந்திர மாதத்தில் தேய்பிறைப் பகுதியை வதி என்றும் வளர்பிறைப் பகுதியைச் சுதி என்றும் குறிப்பிடுவார்கள். ஜேட் சுதி நான்கு என்றால் சந்திர ஜேட்டின் வளர்பிறைச் சதுர்த்தி. இந்த ஒரு திதி 2023-ல் மே 23 அன்றும், 2024-ல் ஜூன் 10 அன்றும், 2025-ல் மே 30 அன்றும் வந்ததைப் பார்த்தாலே, சந்திரக் கணக்கு எவ்வளவு முன்னும் பின்னும் நகர்கிறது என்பது விளங்கும். சந்திர ஆண்டு சூரிய ஆண்டைவிடச் சுமார் 11 நாள் குறைவு என்பதால், இடைவெளியை ஈடுகட்ட ஏறத்தாழ மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதம் கூடுதலாகச் சேர்க்கப்படுகிறது. 2026-ல் அப்படிச் சேரும் மாதம் ஜேட்தான்.

இந்த அலைவை நீக்கி நிலையான தேதிகளை அமைக்கும் நோக்கத்துடன், கனடாவில் வாழ்ந்த பொறியாளர் பால் சிங் புரேவால் சீக்கியர்களுக்கென நானக்ஷாஹி நாட்காட்டியை வகுத்தார். குருத்வாராக்கள் எனப்படும் சீக்கியக் கோயில்களை நிர்வகிக்கும் சிரோமணி குருத்வாரா பிரபந்தக் கமிட்டி அதை 2003-ல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதன்படி ஜேட் ஆண்டுதோறும் மே 15-ல் தொடங்கி 31 நாள் நீண்டு ஜூன் 14-ல் முடியும். பழைய பிக்ரமி நாட்காட்டி நட்சத்திர ஆண்டைப் பின்பற்றுவதால், பருவங்களோடு ஒப்பிடும்போது சுமார் 70 ஆண்டுகளுக்கு ஒரு நாள் வீதம் பின்தங்கிக்கொண்டே போகிறது. அதைத் தடுத்து நிறுத்துவதும் புரேவாலின் நோக்கமாக இருந்தது. 2010-ல் கமிட்டி செய்த திருத்தங்கள் சங்க்ராந்த் நாட்களையும் சில குருமார் நினைவு நாட்களையும் மீண்டும் பிக்ரமிக் கணக்கோடு இணைத்துவிட்டன. இன்றும் சிலர் 2003-ஆம் ஆண்டு வடிவத்தையும் சிலர் திருத்திய வடிவத்தையும் பின்பற்றுகிறார்கள். எனவே ஜேட் முதல் நாள் எது என்ற கேள்விக்கு மே 14 என்றும் மே 15 என்றும் விடை வந்தால் இரண்டும் தவறல்ல.

வெயிலும் காற்றும் ஆறும்

சென்னையில் ஏப்ரல் இறுதிப் பகுதியிலேயே நண்பகல் சூரியன் தலைக்கு நேர் மேலே வந்துவிடுகிறது. பஞ்சாபோ முழுவதும் கடக ரேகைக்கு வடக்கே கிடக்கிறது. அங்கே சூரியன் ஒருபோதும் உச்சந்தலைக்கு நேராக வருவதில்லை, ஜூன் 21 அளவில்தான் அதற்கு மிக நெருங்கி வருகிறது. ஆகவே தமிழ்நாட்டில் அக்கினி நட்சத்திரம் முடியும் தறுவாயில் பஞ்சாபில் வெயிலின் கடுமை உச்சத்தை எட்டத் தொடங்குகிறது. சூரியன் ரோகிணியில் நுழையும் மே 25 அளவில் தொடங்கும் ஒன்பது நாட்களை வட இந்தியாவெங்கும் நௌதபா என்று சொல்லி அஞ்சுவார்கள். அந்த ஒன்பது நாட்களும் ஜேட்டுக்குள் அடங்குபவை. பஞ்சாபில் தென்மேற்குப் பருவமழை ஜூன் இறுதியில் அல்லது ஜூலைத் தொடக்கத்தில்தான் வந்து சேரும். அதாவது ஜேட் முழுவதும், ஹாரின் பாதியும் மழையின்றிக் கழியும்.

மேற்கிலிருந்து வறண்டு வீசும் லூ என்னும் அனல்காற்று இம்மாதத்தின் அடையாளம். வெப்பம் 45 பாகை செல்சியஸைத் தாண்டும் நாட்களில் முற்பகல் பதினொரு மணிக்கே தெருக்கள் காலியாகிவிடும். இடையிடையே வானம் செம்பழுப்பாக மாறி ஹனேரி என்னும் புழுதிப்புயல் எழும். சுவரெல்லாம் மண்ணப்பிப் போனாலும், அதற்குப் பின் ஓரிரு மணி நேரத்துக்குக் காற்று தணிந்து குளிர்வதால், அதை மக்கள் முழுக்க வெறுப்பதில்லை.

இந்த வறட்சியில் ஆறுகள் மட்டும் பெருகுகின்றன என்பது பஞ்சாபைப் பற்றி நாம் எளிதில் கவனிக்கத் தவறும் செய்தி. ஜீலம், செனாப், ராவி, பியாஸ், சட்லெஜ் ஆகிய ஐந்தும் இமயத்தின் பனி உருகுவதால் நீர் பெறுபவை. மழை வருவதற்கு முன்பே, வெயிலின் கடுமையாலேயே அவற்றில் நீர்மட்டம் உயரத் தொடங்கும். ஆற்றங்கரை ஊர்களுக்கும் வாய்க்கால் பாயும் ஊர்களுக்கும் இது பெரிய ஆறுதல். அவ்வசதி இல்லாத மேட்டுநில ஊர்களுக்குக் கிணறும் குளமும்தான் துணை என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. தண்ணீர் கொடுப்பதை இம்மாதத்தின் தலையாய அறமாக அம்மக்கள் ஏன் கருதினார்கள் என்பதை இதை வைத்தே உணரலாம்.

களத்து வேலை

கோதுமை அறுவடை வைசாகில் முடிந்துவிடும் என்றாலும், பழைய நாட்களில் போரடிப்பு ஜேட் வரை, சில ஊர்களில் ஹார் வரைகூட நீண்டது. முள்மரக் கிளைகளையும் வைக்கோலையும் சட்டத்தில் பிணைத்துச் செய்த பல்ஹா என்னும் கனத்த கருவியை மாடுகளின் பின்னே கட்டி, பரப்பிய கதிர்களின் மேல் மணிக்கணக்கில் வட்டமாக ஓட்டுவார்கள். வெயில் ஏற ஏறத்தான் தாள் மொறுமொறுவென்று உலர்ந்து நன்றாக நொறுங்கும் என்பதால், மற்றவர்கள் நிழலுக்கு ஓடும் நண்பகல் நேரமே போரடிக்கிறவருக்கு வேலை நேரம். அனல்காற்றும் அப்படியே உதவியது: முறத்தில் அள்ளி உயரத் தூக்கித் தூற்றும்போது தூசியையும் உமியையும் அது பிரித்துக்கொண்டு போய்விடும், மணி மட்டும் காலடியில் குவியும். உடம்பை வாட்டும் வெயிலும் காற்றும் இல்லாமல் அந்தக் கோதுமை வீட்டுக்கு வந்திருக்காது.

குவிந்த பொலியைப் போஹ்ல் என்பார்கள். அதை அளக்கும் முன் இறைவனின் பெயரைச் சொல்வதும், குருத்வாராவுக்கும் இரந்து வந்தவர்களுக்கும் ஒரு பங்கை ஒதுக்குவதும் மரபு. தச்சர், கொல்லர், குயவர், தோல்வேலை செய்பவர் முதலியோர் ஆண்டு முழுவதும் உழவர் வீட்டுக்குச் செய்த வேலைக்கான கூலியைத் தானியமாகப் பெற்றுக்கொண்டதும் இந்தக் களத்தில்தான். அம்முறைக்குச் சேப்பி என்று பெயர். அதில் யாருக்கு எவ்வளவு என்பதைச் சாதிப்படிநிலையே பெரிதும் தீர்மானித்தது என்பதையும், களத்தில் கடும் உழைப்பைக் கொடுத்த நிலமற்றவர்கள் பெற்றது சிறு பங்கே என்பதையும் மறைத்துவிட்டுப் பழைய களத்தைப் போற்றுவது முறையாகாது. உலர்ந்த வைக்கோல் துகளைத் தூரி என்பார்கள். அதைக் கூம்பு வடிவப் போராகக் கட்டி, மேலே கூரை வேய்ந்து, ஆண்டு முழுவதும் மாட்டுத் தீவனமாக வைத்துக்கொள்வார்கள்.

பஞ்சாபி உழவர் தம் இரண்டு பருவ விளைச்சல்களுக்கும் ஜேட்டை அடுத்து வரும் இரு மாதங்களின் பெயர்களையே இட்டிருக்கிறார். குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் வீடு வந்து சேரும் கோதுமை, கடலை முதலிய ரபிப் பயிர் ஹாரி எனப்படும். அது ஹார் மாதத்தை ஒட்டியது. மழையோடு விதைக்கும் காரிஃப் பயிர் சௌணி எனப்படும். அது சாவனை ஒட்டியது. ஜேட் இரண்டுக்கும் இடையில், ஒரு விளைச்சல் முடிந்து அடுத்தது தொடங்காத இடைவெளியில் நிற்கிறது. அறுவடை இயந்திரம் வந்த பிறகு களத்து வேலை வைசாகிலேயே முடிந்துபோகிறது.

வீட்டுக்குள் ஜேட்

ஒவ்வொரு இரண்டு மாதத்துக்கும் உடம்பைப் பேணும் வழியைச் சொல்லும் நாட்டுப்பாடல் ஒன்று பஞ்சாபில் வழங்குகிறது. சேத்திலும் வைசாகிலும் ஊர் சுற்று, ஜேட்டிலும் ஹாரிலும் உறங்கு, சாவனிலும் பாதோனிலும் குளி, அஸ்ஸுவிலும் கத்தக்கிலும் குறைத்து உண், மக்கரிலும் போஹிலும் பஞ்சு உடுத்து, மாகிலும் பக்கணிலும் எண்ணெய் தேய்த்துக்கொள், பிறகு வைத்தியரிடம் போகவே வேண்டாம் என்பது அதன் பொருள். ஜேட்டுக்கு உறக்கம் விதிக்கப்பட்டிருப்பது சோம்பலுக்கு அளித்த சலுகை அன்று; நண்பகலில் வெளியே அலைந்து வெப்பத்தாக்குக்கு ஆளாகாமல் இருக்க வேண்டும் என்ற பட்டறிவு அது. பகலில் தடித்த மண்சுவர் அறைக்குள்ளோ, அரசும் ஆலும் வேம்பும் தரும் நிழலிலோ ஒதுங்குவார்கள். ஊர்ப் பொதுவிடத்துப் பெருமரத்தின் அடியில் ஆண்கள் கூடும் இடத்துக்குச் சத் என்று பெயர். ஊர்ச் செய்திகள் எல்லாம் அங்கேதான் அலசப்படும். இரவில் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துத் தரையைக் குளிர வைத்து, கயிற்றுக் கட்டில்களை வரிசையாகப் போட்டு வீட்டார் எல்லோரும் வானத்தைப் பார்த்துப் படுத்துக்கொள்வார்கள். பெண்கள் வண்ண நூலால் பின்னி, ஓரத்தில் துணிச் சுருக்கம் வைத்துத் தைத்த பக்கி என்னும் கைவிசிறி, மணப்பெண்ணின் சீர்வரிசையிலும் இடம்பெறும் அளவுக்கு மதிப்புடையது.

உணவும் மாறும். பார்லியை வறுத்து அரைத்த, சத்து என்று பெயர் பெற்ற மாவை நாட்டுச் சர்க்கரையோடு தண்ணீரில் கரைத்துக் குடிப்பது உழைப்பவரின் காலை உணவு. பசியையும் தாகத்தையும் சேர்த்தே தணிக்கும். மண்பானையில் கடைந்த மோராகிய லஸ்ஸி உப்போடு நாள் முழுவதும் ஓடும். பாதாம், கசகசா, முலாம்பழ விதை, மிளகு ஆகியவற்றைக் கல்சட்டியில் இட்டு வேப்பங்கட்டையால் நெடுநேரம் அரைத்துக் கரைக்கும் சர்தாய் கொஞ்சம் வசதியான வீட்டுப் பானம். பச்சை மாங்காயைச் சுட்டுப் பிசைந்த பன்னா லூ தாக்காமல் காக்கும் என்று நம்புவார்கள். முலாம்பழமும் தர்பூசணியும் ஆற்றுப்படுகை மணலில் விளைந்து குவியும் காலம் இதுவே. ரொட்டி, வெங்காயம், புதினாத் துவையல், மோர் என்ற எளிய மதிய உணவுக்கு மேல் ஜேட்டில் யாரும் அதிகம் கேட்பதில்லை.

சங்க்ராந்தும் பன்னிரு மாதப் பாடலும்

மாதப் பிறப்பன்று சீக்கியர்கள் குருத்வாராவில் கூடி, அம்மாதத்துக்குரிய பாடலைக் கேட்பார்கள். பன்னிரண்டு மாதங்களையும் வரிசையாகப் பாடி, தலைவனைப் பிரிந்த தலைவியின் ஏக்கத்தின் வழியாக இறைவனைத் தேடும் உயிரின் நிலையைச் சொல்லும் பாரா மாஹா என்னும் பாடல் வகை பஞ்சாபியில் நெடுங்காலமாக உண்டு. சீக்கியர்களின் புனித நூலான குரு கிரந்த சாகிபில் குரு நானக் துகாரி ராகத்தில் பாடியதும், ஐந்தாம் குருவான அர்ஜன் தேவ் மாஜ் ராகத்தில் பாடியதும் இடம்பெற்றுள்ளன. மாதப் பிறப்பன்று பெரும்பாலும் வாசிக்கப்படுவது அர்ஜன் தேவருடையது. எல்லோரும் எவர் முன் பணிகின்றார்களோ அவரோடு ஜேட்டில் இணைய வேண்டும் என்று அவருடைய ஜேட் பகுதி தொடங்குகிறது. குரு நானக்கின் ஜேட் பகுதியில் நிலம் உலைபோல் தகிக்கிறது, தலைவி வேண்டி நிற்கிறாள். அடுத்துவரும் ஹார் பகுதியில் சூரியனின் தேர் நகர, அவள் நிழலைத் தேடுகிறாள், வெளியில் பூச்சிகள் இரைகின்றன. வெயிலைத் தம் உடம்பில் உணர்ந்து நடந்தவர் எழுதிய வரிகள் என்பது படித்த அளவிலேயே தெரிகிறது.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். மாதப் பிறப்பு என்பதால் அந்த நாளுக்குத் தனிப் புனிதம் உண்டு என்று சீக்கிய நெறி கருதுவதில்லை. அர்ஜன் தேவர் தம் பாரா மாஹாவின் முடிவில், இறைவனின் அருட்பார்வை பெற்றவருக்கு எல்லா மாதங்களும் நாட்களும் நொடிகளும் நல்லவையே என்று பாடியிருக்கிறார். நல்ல நாள் பார்க்கும் பழக்கத்தை ஏற்காத அந்த வரியையும் மக்கள் மாதப் பிறப்பன்று கூடியே கேட்கிறார்கள். கூடிக் கேட்பதற்கு ஒரு நாள் வேண்டும் என்பதே அவர்களுடைய தேவை.

சபீல்: தெருவோரத் தண்ணீர்ப் பந்தல்

ஜேட் மாதத்தின் வழக்கங்களில் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ள விரும்புகிறவருக்குச் சபீலைத்தான் சொல்வேன். குரு அர்ஜன் தேவ் 1563-ல் பிறந்து, 1581-ல் குருவாகி, அமிர்தசரஸில் பொற்கோயில் எனப்படும் ஹர்மந்திர் சாகிபைக் கட்டி, 1604-ல் குரு கிரந்த சாகிபின் முதல் வடிவமான ஆதி கிரந்தத்தைத் தொகுத்தவர். 1606-ல் முகலாயப் பேரரசர் ஜஹாங்கீரின் ஆணையால் லாகூரில் உயிர் துறந்தார். அந்த நாள் ஜேட் சுதி நான்கு. கொதிக்கும் இரும்புத் தட்டின் மேல் அவரை அமர்த்தி, உடம்பின் மேல் சுடுமணலைக் கொட்டினார்கள் என்றும், இறுதியில் ராவி ஆற்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டார் என்றும், உன் செயல் எனக்கு இனிக்கிறது என்ற தம் பாடல் வரியை அந்த வேதனையிலும் சொல்லிக்கொண்டிருந்தார் என்றும் சீக்கிய மரபு கூறுகிறது. லாகூர்க் கோட்டையின் அருகே அவர் நினைவாக நிற்கும் தேரா சாகிப் குருத்வாராவுக்கு இந்த நாளையொட்டி இந்தியாவிலிருந்தும் யாத்திரைக் குழுக்கள் செல்வதுண்டு.

இந்த நினைவு நாளுக்கு நாற்பது நாட்களுக்கு முன்பிருந்தே, பல குருத்வாராக்களில் பெண்கள் கூடி, அர்ஜன் தேவர் இயற்றிய சுக்மனி சாகிபை நாள்தோறும் ஓதுவார்கள். நினைவு நாளன்று சாலையோரங்களில் பந்தல் அமைத்து, பெரிய தொட்டிகளில் பால், தண்ணீர், சர்க்கரை, பனிக்கட்டி, ரோஜாச் சர்பத் ஆகியவற்றைக் கலந்து வழிப்போக்கர் எல்லோருக்கும் வழங்குவார்கள். இதுதான் சபீல். ரூஹ் அஃப்சா என்னும் சர்பத் கலந்த இளஞ்சிவப்புப் பால் இந்த நாளோடு பிரிக்க முடியாதபடி சேர்ந்துவிட்டது. இளைஞர்கள் சாலையின் குறுக்கே நின்று பேருந்தையும் சரக்குந்தையும் கைகாட்டி நிறுத்தி, சன்னல் வழியே குவளைகளை நீட்டுவார்கள்; வேண்டாம் என்று சொல்வோரையும் விடமாட்டார்கள். குடிப்பவர் யார், எந்த மதம், எந்தச் சாதி என்று யாரும் கேட்பதில்லை. பெரும்பாலான பந்தல்களில் வேகவைத்த கொண்டைக்கடலையும் கிடைக்கும். பஞ்சாபியர் குடியேறிய லண்டனிலும் வான்கூவரிலும்கூட இப்பந்தல்களைப் பார்க்கலாம்.

நெருப்பால் வதைக்கப்பட்டவரின் நினைவை அந்நியரின் தாகத்தைத் தணித்துப் போற்றும் இந்த முறையை நான் பெரிதும் மதிக்கிறேன். வஞ்சம் தீர்க்கும் உணர்ச்சிக்கு எல்லா நியாயமும் இருந்த ஓர் இழப்பு, ஒரு குவளை இனிப்பு நீராக மாறியிருக்கிறது. முஹர்ரம் மாதத்தில் கர்பலாவில் தாகத்தோடு மாண்ட இமாம் ஹுசைனின் நினைவாக முஸ்லிம்கள் தண்ணீர் வழங்கும் வழக்கமும் இதே பெயரால் அறியப்படுவதை இங்கே சேர்த்துக் கூறலாம். அண்மைக் காலத்தில் நெகிழிக் குவளைகள் பந்தலைச் சுற்றிக் குவிவது வருத்தம் தருகிறது. எஃகுக் குவளைகளை வைத்து, கழுவுவதையும் தொண்டாகவே செய்யும் பழைய முறை அதனினும் மேலானது.

1984-ல் இந்த நினைவு நாள் ஜூன் 3 அன்று வந்தது. அதற்காக அமிர்தசரஸுக்கு வந்திருந்த யாத்திரிகர் பலர் பொற்கோயில் வளாகத்துக்குள் இருந்தபோதுதான் அங்கே இராணுவ நடவடிக்கை நடந்தது. அதனால் ஜூன் முதல் வாரம் சீக்கியர்களுக்கு இரட்டைத் துயரத்தின் காலமாகிவிட்டது.

நீரின்றி நோற்பதும் நீரைக் கொடுப்பதும்

ஜேட் வளர்பிறை ஏகாதசியை நிர்ஜலா ஏகாதசி என்பார்கள். பஞ்சாபி வழக்கில் அதற்கு நிமாணி ஏகாதசி என்ற பெயரும் உண்டு. ஆண்டின் எல்லா ஏகாதசிகளிலும் நோன்பிருக்க முடியாத பசிக்காரன் பீமனுக்கு, இந்த ஒரு நாள் தண்ணீரும் பருகாமல் இருந்தால் போதும் என்று வியாசர் வழிகாட்டினார் என்பது கதை. பஞ்சாபி இந்துக்களில் பலர் இந்த நோன்பைக் கடைப்பிடிக்கிறார்கள். தாம் ஒரு துளியும் பருகாத அந்த நாளில் அவர்கள் பிறருக்கு அளிப்பவை நீர் நிறைத்த மண்கூஜா, கைவிசிறி, முலாம்பழம், சர்க்கரை ஆகியவை. தாகம் என்றால் என்ன என்பதைத் தொண்டையில் உணர்ந்தபடியே தண்ணீரைக் கையில் எடுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அந்த அமைப்பில் மிகுந்த சிந்தனை இருக்கிறது.

இதே ஏகாதசியை ஒட்டி இந்தியப் பஞ்சாபிலுள்ள மாலேர்கோட்லாவில் ஹைதர் ஷேக்கின் அடக்கத்தலத்தில் பெருந்திரள் கூடுகிறது. ஹைதர் ஷேக் 15ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த சூஃபி. மாலேர்கோட்லாவை ஆண்ட முஸ்லிம் மரபினரின் முன்னோர். முஸ்லிம் ஞானி ஒருவரின் தலத்தில் இந்து நாட்காட்டியின் திதியன்று கூடும் அந்தக் கூட்டத்தில் இந்துக்களும் சீக்கியர்களுமே பெருவாரியானவர்கள். பஞ்சாபின் சமய வாழ்க்கையைப் பெயர்ப்பலகைகளை மட்டும் வைத்து அறிய முயல்வோர் இந்தத் திருவிழாவைக் கண்டால் தயங்கி நிற்பார்கள்.

திருமணத்தைப் பொறுத்தவரை, தலைப்பிள்ளைக்கு ஜேட்டில் மணம் செய்யக் கூடாது என்ற தடை இந்துக் குடும்பங்களில் வழங்கி வருகிறது. சோதிட நம்பிக்கைக்கு அப்பால், கொளுத்தும் வெயிலில் ஊரைக் கூட்ட வேண்டாம் என்பதற்கும் அது பயன்பட்டிருக்கலாம்.

மழைக்கு முன்

ஜேட் முடிந்து ஹார் வளர்ந்த பிறகும் மேகம் தென்படாவிட்டால், சிற்றூர்ச் சிறுமிகள் ‘குட்டி பூக்னா’, அதாவது பொம்மை எரித்தல் என்னும் சடங்கைச் செய்வார்கள். கந்தல் துணியால் ஒரு பொம்மை செய்து, அதற்குப் புத்தாடை உடுத்தி, சிறு பாடையில் கிடத்தி, மார்பில் அடித்து ஒப்பாரி வைத்துக்கொண்டு ஊருக்கு வெளியே எடுத்துச் சென்று எரிப்பார்கள். அந்த அழுகையைக் கேட்டு வானமும் இரங்கி அழும் என்பது நம்பிக்கை. பின்னர் வெல்லம் கலந்து பொரித்த குல்குலே என்னும் பணியாரத்தைப் பகிர்ந்து உண்பார்கள். இறைவா மழையைப் பொழி, எங்கள் குதிரில் தானியத்தை நிரப்பு என்று சிறுவர்கள் தெருத்தெருவாகப் பாடிச் செல்லும் பாட்டும் இக்காலத்துக்குரியது. ஆழ்குழாய்க் கிணறுகள் பெருகியபின் இச்சடங்கு பெரிதும் அருகிவிட்டது.

அந்த ஆழ்குழாய்க் கிணறுகள்தான் ஜேட் மாதத்தின் இன்றைய கவலைக்கும் காரணம். பசுமைப் புரட்சிக்கு முன் பஞ்சாபில் நெல் பெரும் பயிராக இருந்ததில்லை. 1960-களின் பிற்பகுதிக்குப் பின் கோதுமைக்கு அடுத்து நெல் என்ற சுழற்சி வேரூன்றியது. கோதுமை வயல் காலியானதும், மழைக்குக் காத்திராமல், ஜேட்டின் கொடும் வெயிலிலேயே நிலத்தடி நீரை இறைத்து நாற்று நடத் தொடங்கினார்கள். ஆண்டிலேயே நீர் மிக வேகமாக ஆவியாகும் மாதத்தில் வயலில் நீரைத் தேக்கியதால், நிலத்தடி நீர்மட்டம் ஆண்டுதோறும் இறங்கியது. இதைத் தடுக்கப் பஞ்சாப் அரசு 2009-ல் நிலத்தடி நீர்ப் பாதுகாப்புச் சட்டம் இயற்றி, மே 10-க்கு முன் நாற்றங்கால் விடுவதையும் ஜூன் 10-க்கு முன் நடவு செய்வதையும் தடை செய்தது. அந்தத் தேதிகள் பின்னர் பலமுறை முன்னும் பின்னும் மாற்றப்பட்டன. ஒவ்வொரு மாற்றத்தின்போதும், விரைவில் நட்டு விரைவில் அறுக்க விரும்பும் உழவர்களுக்கும் நீர்மட்டத்தைப் பற்றி எச்சரிக்கும் வேளாண் அறிஞர்களுக்கும் இடையே வாதம் எழுகிறது. நெல் நடவைப் பருவமழைக்கு அருகே தள்ளிவைத்து, ஜேட்டில் வயலை ஓய்வாக விடுவது நீருக்கு நல்லது என்பதில் அறிஞர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் நடவு தள்ளிப்போனால் அறுவடையும் தள்ளிப்போகும். அடுத்த கோதுமை விதைப்புக்குக் கிடைக்கும் நாட்கள் சுருங்கி, வயலில் நிற்கும் நெல்தாளைத் தீயிட்டு அழிக்கும் வேகம் கூடும். ஜேட்டில் சேமிக்கும் தண்ணீருக்கு விலையாக, தமிழில் ஐப்பசியாகிய கத்தக் மாதத்தின் காற்று புகையால் மாசுபடுகிறது. நெல்லின் பரப்பைக் குறைத்து, மக்காச்சோளத்தையும் பருத்தியையும் பயறு வகைகளையும் கட்டுப்படியாகும் விலைக்குக் கொள்முதல் செய்ய ஏற்பாடு ஆகும்வரை இச்சிக்கல் தீராது.